மென்வண்ணக்கட்டியால் முகம் வரைதல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓவியக் கலையைச் சார்ந்தது. மென்வண்ணக்கட்டியைக் கொண்டு மனித முகத்தை வரைவது எப்படி என்பதே அது. ஓவியர்கள் இக்கட்டியைப் பாஸ்டல் என்று அழைப்பார்கள். தோட்டப் பள்ளியில் தமிழும் கணக்கும் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பாஸ்டலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விதான் அத்தொடர்பை உண்டாக்கியது. அதனை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓவியப் பாட வேளையில், "எங்கள் வீட்டில் ஒருவர்" என்னும் தலைப்பைக் கொடுத்து, வீட்டில் உள்ள யாராவது ஒருவரின் முகத்தை வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னோம். பிள்ளைகளிடம் இருந்தவை எண்ணெய் வண்ணக்கட்டிகள். அந்தப் பெட்டியில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்தாற்போன்ற ஒரு கட்டி இருக்கும். அதற்குப் பிள்ளைகள் சொல்லும் பெயர் "தோல் கலர்". அந்தப் பெயரை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் வேறு யாருமல்லர், நாமேதான். நமக்கு நம் ஆசிரியர்கள் சொன்னார்கள். நாம் மாணவர்களுக்குச் சொன்னோம்.

அந்தச் சிறுமி தன் பாட்டியை வரைந்தாள். மூக்குத்தி, கொண்டை, நெற்றியில் திருநீறு எல்லாம் சரியாக இருந்தன. முகத்துக்குத் "தோல் கலரை"த் தீட்டினாள். தீட்டி முடித்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நம் மேசைக்கு வந்தாள்.

"சார், இது எங்க பாட்டி மாதிரி இல்ல, சார். வேற யாரோ மாதிரி இருக்கு. எங்க பாட்டியோட கலர் இந்தப் பெட்டியில எது, சார்?"

பெட்டியைப் பார்த்தோம். ஒரு பழுப்பு இருந்தது, அது மரத்தண்டுக்கு. ஒரு கறுப்பு இருந்தது; அது தலைமுடிக்கு. பாட்டியின் முகத்துக்கு என்று சொல்ல எதுவும் இல்லை. நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தோம். இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்து மூன்று படங்கள். எல்லா முகங்களும் ஒரே நிறம். அந்த நிறத்தில் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. பதினைந்து ஆண்டுகளாக நம் கண்முன்னே நடந்துவந்த இந்தத் தவறு அன்றுதான் நமக்குத் தெரிந்தது. மறுநாள் சொல்வதாகக் கூறிச் சிறுமியை அனுப்பினோம். ஆனால், அந்த மறுநாள் வருவதற்குப் பல மாதங்கள் ஆயின.

இந்தத் தவறு நம் வகுப்பறையில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவில் கிரேயோலா என்னும் மெழுகு வண்ணக்கட்டி நிறுவனமும் இத்தகைய ஒரு நிறத்துக்குச் "சதை நிறம்" என்று பெயர் வைத்திருந்தது. 1962 ஆம் ஆண்டில்தான் அப்பெயரை நீக்கிப் "பீச்" என்னும் பழத்தின் பெயரை இட்டது. அதே நிறுவனம், பலவகைத் தோல் நிறங்களைக் காட்டும் இருபத்து நான்கு கட்டிகள் கொண்ட பெட்டி ஒன்றை 2020 ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெயரை மாற்றியதற்கும் இந்தப் பெட்டியை வெளியிட்டதற்கும் இடையே ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

சிறுமியின் கேள்விக்கு விடை தேடியபோது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓவிய விரிவுரையாளர் ஒருமுறை காட்டிய மென்வண்ணக்கட்டி நினைவுக்கு வந்தது. பட்டணத்துக்குச் சென்று ஒரு சிறு பெட்டி வாங்கி வந்தோம்.

இப்பொழுது பாடத்துக்கு வருவோம். மென்வண்ணக்கட்டி என்பது யாது? வண்ணம் தரும் பொடியாகிய நிறமியை, வெண்சுண்ணத் தூள் போன்ற ஒரு பொருளோடு சேர்த்து, மிகச் சிறிதளவு பிசின் நீர் விட்டுப் பிசைந்து, உருட்டி உலர்த்தினால் மென்வண்ணக்கட்டி கிடைக்கும். இத்தாலிய மொழியில் பிசைந்த மாவைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பாஸ்டல் என்னும் பெயர் பிறந்தது. இதில் பிசின் மிகவும் குறைவு. ஆகவே தாளில் தேய்த்தவுடன் பொடியாக உதிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணக்கட்டி வேறு. அதில் எண்ணெயும் மெழுகும் உண்டு. ஜப்பானில் 1925 ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த பொருள் அது. கரும்பலகையில் எழுதும் வண்ண வெண்கட்டியும் வேறு. அதில் நிறமி குறைவு, சுண்ணமே மிகுதி.

மென்வண்ணக்கட்டி மனித முகத்துக்கு மிகவும் பொருந்துவதற்குக் காரணம் என்ன? எண்ணெய் ஓவியத்தில் நிறமி எண்ணெய்ப் படலத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. இங்கே நிறமித் துகள்கள் வெளியே தெரிகின்றன. அவற்றின்மேல் விழும் ஒளி பல திசைகளிலும் சிதறுவதால், பழத்தோலில் படிந்த மாவைப் போன்ற ஒரு மென்மை தோன்றுகிறது. தோலும் பார்ப்பதற்கு அப்படிப்பட்டதே. அன்றியும், இதில் உலரக் காத்திருக்கும் வேலையில்லை. நேரம் செல்லச் செல்ல எண்ணெய் மஞ்சளாவதுபோல் இது மஞ்சளாவதும் இல்லை.

இக்கலை ஐரோப்பாவில் 18 ஆம் நூற்றாண்டில் உச்சநிலையை அடைந்தது. வெனிஸ் நகரைச் சேர்ந்த ரோசல்பா கரியேரா என்னும் பெண்மணி, 1720 ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குச் சென்று, சிறுவனாக இருந்த அரசர் பதினைந்தாம் லூயியை மென்வண்ணக்கட்டியால் வரைந்தார். அவ்வாண்டே அந்நாட்டு அரச கலைக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அவருக்குப் பின் பிரான்சில் மோரிஸ் கந்தன் த லா தூர் புகழ்பெற்றார். அக்காலத்துச் செல்வர்கள் முகத்திலும் தலைமுடியிலும் வெண்பொடி பூசிக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். பொடி பூசிய முகத்தைப் பொடியாலேயே வரைந்தது பொருத்தமாக அமைந்தது.

அப்படியென்றால் வெண்மையான முகங்களுக்கு மட்டுமே உரியதோ இக்கலை என்று ஐயம் எழலாம். நமக்கும் எழுந்தது. ஆனால், அதே லா தூர் 1741 ஆம் ஆண்டில் ஒரு கருநிற இளைஞரை வரைந்திருக்கிறார். அவர் தம் சட்டையின் பொத்தானை மாட்டிக்கொண்டே நம்மைப் பார்க்கிறார். அந்த ஓவியம் இன்று ஜெனீவா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் தந்த அதே கவனத்தை ஓவியர் அந்த முகத்துக்கும் தந்திருக்கிறார். ஆனால் ஒரு குறை. சீமாட்டிகளின் படங்கள் அவர்களுடைய பெயரால் வழங்குகின்றன. இந்தப் படத்தின் தலைப்பில் அவர் நிறம் இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, பெயர் இல்லை.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். அவர் ஷார்தான். வாழ்நாள் முழுவதும் எண்ணெய் வண்ணத்தில் பாத்திரங்களையும் பழங்களையும் வரைந்து பேர் பெற்றவர். முதுமையில் கண்நோய் வந்து எண்ணெய் வண்ணத்தைக் கைவிட நேர்ந்தபோது, எழுபது வயதுக்கு மேல் மென்வண்ணக்கட்டியைக் கையில் எடுத்தார். 1771 ஆம் ஆண்டில் மூக்குக் கண்ணாடியோடும், 1775 ஆம் ஆண்டில் கண்ணுக்கு நிழல் தரும் மறைப்போடும் தம்மைத் தாமே வரைந்தார். இப்படங்கள் பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்த முதியவரின் கன்னத்தைக் கூர்ந்து பார்த்தால், சிவப்பு, நீலம், பச்சை எனத் தனித்தனிக் கீற்றுகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. சற்று விலகி நின்றால் அவை ஒன்றுகூடி உயிருள்ள தோலாகின்றன. சிறுமியின் கேள்விக்கு விடையின் முதற்பகுதி இங்கே கிடைத்தது. முகத்துக்கு ஒரு நிறம் என்பது இல்லை. முகம் பல நிறங்களால் ஆனது.

சிறுமியின் மூலமாகப் பாட்டியின் இசைவைக் கேட்டோம். அவர் அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். "கிழவியப் போயி எதுக்கு வரையப் போறீங்க, வாத்தியாரே?" என்றார். ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் துவைத்த சேலை கட்டி, வாசற்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று நாம் வரைந்த படம் தோல்வியாக முடிந்தது. வெள்ளைத் தாளை எடுத்தோம். பாட்டி கருநிறமானவர் என்பதால் பழுப்பைப் பூசி, நிழல் விழும் இடங்களில் கறுப்பைத் தேய்த்தோம். மென்மை வேண்டும் என்று விரலால் நன்றாகக் குழைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பாட்டியிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "என்ன வாத்தியாரே, என்னை அடுப்புல போட்டு எடுத்த மாதிரில இருக்கு?" என்றார். வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும்போது மனம் சிரிக்கவில்லை. மாணவி தன் பாட்டியை வேறு யாரோ ஆக்கினாள், நாம் கரியாக்கினோம். இருவரும் செய்த பிழை ஒன்றே. பாட்டியைப் பார்க்காமல், நம் மனத்தில் இருந்த ஒரு நிறத்தைப் பார்த்து வரைந்தோம்.

தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, தாள். வழவழப்பான தாளில் பொடி ஒட்டாது. சொரசொரப்பு வேண்டும். வெள்ளைத் தாளைவிட நிறத்தாள் சிறந்தது. புத்தகத்துக்கு உறை போடும் பழுப்புத் தாளின் சொரசொரப்பான பக்கம் பழகுவதற்குப் போதும். தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளில் மிக நுண்ணிய வகையிலும் வரையலாம். கருநிற முகத்துக்குப் பழுப்புத் தாள் பெரிய துணை. தாளின் நிறமே முகத்தின் நடு நிறமாகிவிடும். அதற்குமேல் இருளையும் ஒளியையும் சேர்த்தால் போதுமானது.

இரண்டாவது, ஒளி. அமர்பவரை ஒரு சன்னலுக்கு அல்லது கதவுக்குப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவேண்டும். விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, அளவு. கரிக்கோலால் முட்டை வடிவம் ஒன்றை மெல்ல வரையுங்கள். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில் கண்கள் வரவேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் கண்களை நெற்றியில் வைத்துவிடுவார்கள். இரு கண்களுக்கு இடையே ஒரு கண்ணின் அகலம் இருக்கும். காதின் மேல்முனை புருவத்துக்கும், கீழ்முனை மூக்கின் அடிக்கும் ஏறத்தாழ நேராக வரும்.

நான்காவது, இருள். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். சிறு விவரங்கள் மறைந்து, இருள் எங்கே, ஒளி எங்கே என்பது மட்டும் தெரியும். கட்டியைப் படுக்கை வாட்டில் பிடித்து, இருண்ட பகுதிகளை முதலில் பூசுங்கள். இங்கே கறுப்பைத் தொடாதீர்கள். கறுப்புப் பொடி மற்ற நிறங்களோடு கலந்து அவற்றை அழுக்காக்கிவிடும். அடர்பழுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு ஆகிய மூன்றையும் பக்கம் பக்கமாகத் தீட்டினால் ஆழமான, உயிருள்ள நிழல் கிடைக்கும்.

ஐந்தாவது, நடு நிறங்கள். செங்கல் நிறம், காவி, ஆரஞ்சு ஆகியவை கன்னத்திலும் மூக்கிலும் காதிலும் வரும். அங்கே குருதியோட்டம் மிகுதி. எவ்வளவு கருத்த முகமானாலும் காதுமடலுக்குப் பின்னாலிருந்து வெயில் பட்டால் சிவப்புத் தெரியும், பார்த்திருப்பீர்கள்.

ஆறாவது, ஒளிப் புள்ளிகள். இதுவே நாம் கற்றவற்றுள் முதன்மையானது. தோலின்மேல் விழும் ஒளியில் ஒரு சிறு பகுதி தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. எஞ்சியது தோலுக்குள் சென்று தோலின் நிறத்தோடு திரும்புகிறது. கருநிறத் தோலில் உள்ளே செல்லும் ஒளியில் பெரும்பகுதியை மெலனின் என்னும் நிறமி ஈர்த்துக்கொள்ளும். ஆகவே மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மிகத் தெளிவாகத் தெரிகிறது. வானத்திலிருந்து வரும் ஒளியானால் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வெளிர்நீலம் தோன்றும். கதவுக்கு வெளியே புல்தரை இருந்தால் தாடையின் அடியில் மெல்லிய பச்சை தோன்றும். கருநிற முகம் சுற்றியுள்ள உலகத்தைத் தன்மேல் காட்டுகிறது. வெளுத்த முகத்தில் இத்தனை தெளிவாக அதைக் காண இயலாது.

ஏழாவது, விரலால் அளவுக்கு மீறிக் குழைக்காதீர்கள். முதற்பூச்சை மட்டும் சிறிது குழைக்கலாம். அதன்மேல் இடும் கீற்றுகளை அப்படியே விட்டுவிடவேண்டும். குழைக்கக் குழைக்கத் துகள்கள் நசுங்கி, ஒளி மங்கிவிடும்.

இவற்றை எல்லாம் கற்று, மீண்டும் பாட்டி வீட்டுக்குச் செல்ல மூன்று மாதங்கள் பிடித்தன. இம்முறை வரைவதற்கு முன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். பாட்டியின் நெற்றியில் வானத்தின் நீலம் இருந்தது. கண்ணின் கீழே ஊதா நிழல் இருந்தது. உதட்டோரத்தில் வெற்றிலையின் செம்மை இருந்தது. பல ஆண்டுகள் விடியற்காலைக் குளிரிலும் பகல் வெயிலிலும் நடந்த முகம் அது. பாட்டி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பாதி வேலை நடந்துகொண்டிருக்கையில், தமக்குத்தாமே பேசுவதுபோல் ஒரு வார்த்தை சொன்னார்.

"இத்தன வயசுக்கு, என் மூஞ்சிய யாரும் இவ்ளோ நேரம் பார்த்ததில்ல, வாத்தியாரே."

நமக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. வரைவதைத் தொடர்ந்தோம்.

முடிந்தபின் படத்தைத் திருப்பிக் காட்டினோம். அது தேர்ந்த ஓவியர் வரைந்த படமன்று. ஒரு காது சற்றுப் பெரிதாகிவிட்டது. பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "காது பெருசு. ஆனா நான்தான்" என்றார். அடையாள அட்டையில் ஒட்டியிருந்த சிறு படத்தைத் தவிர அவர் மட்டும் தனித்து இருக்கும் படம் அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

படத்தைப் பாதுகாக்கும் முறையையும் சொல்லவேண்டும். பொடி உதிரக்கூடியது என்பதால் கண்ணாடிச் சட்டம் போடவேண்டும். ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஓரத்தில் தடித்த அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. மழைச்சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். நேர் வெயிலிலும் மாட்டவேண்டாம். பொடியை நிலைநிறுத்தத் தெளிக்கும் திரவம் கடையில் கிடைக்கும். மிகுதியாகத் தெளித்தால் நிறங்கள் கறுத்துவிடும்.

உடல்நலத்தையும் கவனிக்கவேண்டும். தாளில் தங்கிய தூளை வாயால் ஊதாதீர்கள். தாளைச் சாய்த்துத் தட்டிவிடுங்கள். சில நிறமிகள் மூச்சில் சென்றால் தீங்கு செய்யும். பிள்ளைகளுக்கு நச்சற்றவை என்று குறிக்கப்பட்ட கட்டிகளையே வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். அழுக்கேறிய கட்டிகளை ஒரு டப்பாவில் சிறிது அரிசியோடு போட்டு மெல்லக் குலுக்கினால், அரிசி அழுக்கை வாங்கிக்கொள்ளும். அந்த அரிசியை மறந்தும் உலையில் போடக்கூடாது.

மென்வண்ணக்கட்டி விலை மிகுந்தது. எல்லாப் பிள்ளைகளாலும் வாங்க இயலாது. கவலை வேண்டாம். நாம் வகுப்புக்குத் திரும்பி, "தோல் கலர்" என்னும் பெயரை இனிச் சொல்வதில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அப்பெயரைச் சொல்லிக் கொடுத்தது நம் தவறு என்பதையும் சொன்னோம். பிறகு அவர்களிடமிருந்த எண்ணெய் வண்ணக்கட்டிகளைக் கொண்டே, பழுப்புத் தாளில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசச் செய்தோம். இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, வண்ணத்தைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும் என்பது விதி. முதல் நிமிடம் சிரிப்பு. அதன்பின் வகுப்பு அமைதியாகிவிட்டது.

அந்தச் சிறுமி தன் பாட்டியை மீண்டும் வரைந்து கொண்டுவந்தாள். பழுப்பு, ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நெற்றியில் சிறிது நீலம் எல்லாம் இருந்தன.

"ஒரு கட்டி இல்ல, சார். அஞ்சு கட்டி" என்றாள்.

நாம் மறுநாள் சொல்வதாக வாக்களித்த விடையை அவளே சொல்லிவிட்டாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வரைந்த முகத்தில் நீலமோ பச்சையோ இருந்தால், தவறு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். அது காட்டும் இடத்தைச் சென்று பாருங்கள். இன்று மாலை, விளக்கு ஏற்றும் முன், வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவரைச் சன்னலோரம் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் அவர் முகத்தைப் பாருங்கள். எத்தனை நிறங்கள் என்று எண்ணி, ஒரு தாளில் எழுதி வையுங்கள். வரைவதை நாளைக்குத் தொடங்கலாம்.